எண்ணாமல் விட்ட சின்னத் துகள்கள்

செவ்வாய். வறண்ட கச்சான் காற்று. மேசை முழுக்க மண்.

இல்லை, ஆய்வுப் படங்கள் எல்லாவற்றிலும் நானே கோடு போடவில்லை. உலையில் நான்கு மணித்தியாலம் இருந்த கட்டியின் படங்கள் பதினெட்டுக்கும் என் மூத்தவள் ராத்தாதான் கோடு போட்டாள். எனக்குக் கண்வலி வந்த வாரம் அது. ஆய்வை மேற்பார்க்கும் சேருக்குச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

வேலை இவ்வளவுதான். தங்குதன் (டங்ஸ்டன்) தூளையும் நிக்கல் தூளையும் கலந்து அமுக்கி உலையில் வைப்பது. நிக்கல் உருகும். அந்த உருகலில் சின்னத் தங்குதன் துகள்கள் கரைந்து பெரியவற்றின் மேல் படியும். பெரியவை இன்னும் பெரிதாகும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு? அதுதான் என் ஆய்வு. ஆறிய கட்டியை வெட்டி, மினுக்கி, நுணுக்குக்காட்டியில் படம். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் கோடு. பிறகு அளவு, வரைபு.

சேர் தொலைபேசியில்: "அருமை பிள்ள! நாலு மணித்தியாலத்தில சின்னன் எல்லாம் கரைஞ்சி முடிஞ்சிட்டு. நான் சொன்னன்தானே."

கட்டுரை வெள்ளிக்கிழமை சஞ்சிகைக்குப் போகிறது. என் பெயர் முதலாவதாம்.

கல்முனையில் வாங்க: பால்மா, கண்மருந்து, உம்மாவின் சீனி வருத்த மாத்திரை.

புதன். காற்று குறைவு. புழுக்கம்.

சம்பலுக்குத் தேசிக்காய் வெட்டியபோது கை நின்றது. ஒரே அளவுக் காய்களைக் குழைத்த மாவுக்குள் புதைத்துக் குறுக்கே வெட்டினால் சிலதில் நடு வெட்டுப்படும், சிலதில் நுனி. நுனி என்றால் சின்ன வட்டம். அப்படியென்றால் துகளெல்லாம் பெரிதாகவே இருந்தாலும் வெட்டுமுகத்தில் சின்ன வட்டங்கள் தெரிந்தே ஆக வேண்டும். நான்கு மணித்தியால வரைபில் ஒன்றுகூட இல்லை.

படங்களை எடுத்துப் பார்த்தேன். சின்ன வட்டங்கள் இருக்கின்றன. வெள்ளை வெள்ளையாக, கோடு படாமல்.

ராத்தா அரிசிச் சுளகோடு குந்தியிருந்தாள்.

"ராத்தா, இந்தச் சின்னதுகள ஏன் விட்ட?"

"அதெல்லாம் குறுணல் புள்ள. அரிசி பாக்கக்குள்ள குறுணலப் புடைச்சித் தள்ளுறதானே. அதையும் சேத்தா ஒன்ட சேர் ஏசமாட்டாரா?"

அடுப்படியிலிருந்து உம்மா: "நாலு வருசம் கம்பசுக்குப் போனதும் அரிசி பொறுக்கத்தானா?"

இருவருக்கும் சிரிப்பு. எனக்கு வரவில்லை. ராத்தாவின் முகம் மாறியது.

"பிழையாப் போட்டுட்டனா புள்ள?"

"இல்ல."

பொய். 'தெளிவா இருக்கிறதுகளச் சுத்திக் கோடு போடு.' நான் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

வியாழன். சுபஹுத் தொழுகைக்குப் பின் தூக்கமில்லை.

யாராவது கண்டுபிடிப்பார்கள். அல்லது யாருமே கண்டுபிடிக்க மாட்டார்கள். இரண்டாவதுதான் அதிகப் பயம்.

காலையில் சேர் இரண்டு தரம் அழைத்தார். எடுக்கவில்லை. பத்து மணிக்கு நானே அழைத்தேன்.

"சேர், நாலு மணித்தியால வரைபு பிழை. சின்னதுகள் கரைஞ்சி முடியல்ல. அதுகள எண்ணாம விட்டிருக்கு."

"ஆரு எண்ணின?"

"என்ட ராத்தா. நான் சரியாச் சொல்லிக்கொடுக்கல்ல."

"வீட்டிலயா?"

"ஓம் சேர்."

எங்கோ பஸ் ஹோர்ன். அவர் பக்கமா, என் பக்கமா?

"நாளைக்கு அனுப்புறண்டு எல்லாருக்கும் சொல்லிட்டன் பிள்ள."

ஏசியிருந்தால் நல்லது. ஏசவில்லை.

"நிப்பாட்டுறன். திரும்பப் போடுங்க. நீங்க மட்டும். ஆர்ர பேர் முன்னுக்கு வாறதெண்டு பிறகு பாப்பம்."

வைத்துவிட்டார்.

ராத்தா கதவடியில். எவ்வளவு நேரமாகவோ.

"என்னையா காட்டிக்குடுத்த?"

பிழை என்னுடையது என்றுதான் சொன்னேன் என்றேன். கேட்காமல் போய்விட்டாள். சுளகு அப்படியே முற்றத்தில். அரிசியைக் காகம் கொத்துகிறது.

காகத்தை விரட்டிவிட்டு அரிசியை உள்ளே வைத்தேன். பென்சில் சீவினேன். முதல் படம், இடது மேல் மூலை. நண்பகல் லுஹர் பாங்குக்கு முன், சின்னதையும் சேர்த்து எழுபத்தொரு துகள்.