சாச்சாவின் கம்ப்யூட்டருக்கு வந்த மறதி

12.7.1987, ஞாயிறு

இது யார் கையில் கிடைத்தாலும் படிக்காமல் மூடிவிடுங்கள். வாப்பாவின் தம்பியான சாச்சாவிடம் மட்டும் காட்டாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை என் பழைய டைரியை விருந்தாளிகள் முன்னால் அவர் உரக்கப் படித்தார். "நம்ம மும்தாசு டாக்டராவப் போறாளாம்லா!" என்று சிரித்துவிட்டு, அதை அடுப்பில் போட்டார்.

துபாயிலிருந்து கொண்டுவந்த மடிக் கம்ப்யூட்டர்தான் அவருக்குப் பெருமை. நாலு பென்சில் செல் போதும், கரண்டே வேண்டாம். ஒரே குறை, செல்லைக் கழற்றினால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். "அதுல மட்டும் ஒருத்தரும் கை வச்சிராதிய" என்று அவரேதான் சொன்னார்.

இன்று அவர் பள்ளிவாசலுக்குப் போனதும் கழற்றினேன். பதிலுக்கு என் பென் டார்ச்சிலும் ரேடியோவிலும் இருந்த பழைய செல்களைப் போட்டேன்.

ஆறு மாதமாக அவர் எழுதியது எல்லாம் போயிற்று. வெறும் திரையைப் பார்த்து, "துபாய்க் கடைக்காரனுவ ஏமாத்திட்டானுவளே!" என்று அவர் தலையில் கைவைத்தபோது எனக்கு இனித்தது. இன்னொரு தடவை பார்க்கவேண்டும் போல இருந்தது.

தெரிந்தால் நாளையே என் படிப்பை நிறுத்திவிடுவார். ஆனாலும் அவருடைய துபாய் செல்லில்தான் என் டார்ச் எரிகிறது, அந்த வெளிச்சத்தில்தான் இதை எழு

கதவைத் தட்டுகிறார்.

"ஏளா மும்தாசு, அந்த டார்ச்சக் கொண்டா."