ஒரு கிலோ கடுகு

அம்மணி,

எழுந்ததும், கோபம் போகாவிட்டாலும் பரவாயில்லை, சமையலறை அலமாரியைத் திறந்து பார். “கம்பெனி ஸ்டோர்ல எந்த போல்ட்டு எங்க இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவீங்க, வீட்டுல உப்பு தீர்ந்ததுகூட நான் சொன்னாத்தான் தெரியும்” என்று நேற்று கத்தினாயே! நீ அறைக்கதவைச் சாத்திக்கொண்டதும் நேரே கடைக்குத்தான் போனேன். அரிசி, பருப்பு, உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சீரகம், கடுகு, எல்லாம் தனித்தனி டப்பாவில் இருக்கின்றன.

ஒவ்வொன்றும் ஒரு கிலோ. ஸ்டோருக்கு அப்படித்தான் சமமாக வாங்கிப் பழக்கம். “என்னண்ணே, எண்ணெய் ஆட்டப் போறீங்களா?” என்று கடைக்காரர் கடுகைப் பார்த்துச் சிரித்தபோது எனக்குப் புரியவில்லை. அடுக்கும்போதுதான் உறைத்தது. அரிசி நாளைக்கே தீர்ந்துவிடும், கடுகு நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை வரும். நீயும் சிரித்துக்கொள். ஆனால் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

இனிமேல் எது தீர்ந்தாலும் நீ வாயைத் திறக்காதே. டப்பாவைத் திறந்து பார்ப்பது என் வேலை.

சாவி ஜன்னலோரம். கேஸ்காரர் வந்தால் கதவைத் திறந்துவிடு.

பி.கு: டீத்தூள் வாங்க மறந்துவிட்டேன். காலையில் டப்பாவைத் திறந்தால் அடியில் ஒருவருக்குத்தான் இருந்தது. அதை உனக்குப் போட்டு ஃபிளாஸ்கில் வைத்திருக்கிறேன், நான் வழியில் குடித்துக்கொள்கிறேன். சாயங்காலம் வாங்கி வருவேன், நீ போகாதே.

ஒன்றைக் கவனித்தாயா? டீத்தூள் தீர்ந்ததை நீ சொல்லவில்லை. நானே பார்த்தேன்.