ஆறு சில்லு வண்டி

மே 6, வெள்ளி. தூறல்.

என் கறுவல், உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு ரெக்ஸ்டேல் வண்டிக் கடையில் பிக்கப் வண்டி பார்க்கப் போகிறோம். நீங்கள் குறித்துவைத்த வெள்ளைதான் என்று மனதில் முடிவு. அடியில் வைத்து ஏற்ற, சில்லுக்கு ஒன்று, நாலு போதும்.

நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம். சமையல் ட்ரெய்லர் பனிக்குள்ளேயே நின்றுவிட்டது. இழுக்க வண்டி எடுக்காவிட்டால் கோடைச் சந்தை இல்லை. ட்ரெய்லரை விற்கத்தான் வேண்டும்.

நீங்கள் எழுதிவைத்த எடைத் தாள்: ட்ரெய்லர் 3200 றாத்தல். நான் 170. அவ (என்னைத்தான்) 130. சாமான் கொஞ்சம்.

கொஞ்சமாம்! தண்ணீர்த் தொட்டி, காஸ் சிலிண்டர் இரண்டு, ரொட்டித் தகடு, மா மூட்டை. தூக்கினது நான்தானே.

மே 7, சனி. வெயில்.

விடியவே எல்லாச் சாமானும் ஏற்றினேன். தொட்டி முட்டத் தண்ணீர். உங்கள் சிநேகிதர் சிவம் அண்ணை கராஜ் வண்டியில் இழுத்துப் போக வந்தார்.

“என்ன தங்கச்சி, ஆரின்ர கலியாணத்துக்குச் சமைக்கப் போறீர்?”

“வெறும் பெட்டியை இழுத்துப் பாத்து என்ன அண்ணை?”

டீசல் ஒன்றும் காட்டினான் விற்கிறவன். குளிரில் காலமை ஸ்டார்ட் எடுக்காது என்று நீங்கள் சொன்னது ஞாபகம். வேண்டாம் என்றேன். சாவியை அண்ணையிடமே நீட்டினான். அண்ணை அதை வாங்கி என் கையில் போட்டார். “பிடியும், முதலாளி நீர்தான்.”

ட்ரெய்லரைக் கொழுவிக்கொண்டு வெள்ளை வண்டி மேடு ஏறியது. இறக்கத்தில் ட்ரெய்லர் பின்னால் நின்று தள்ளத் தள்ள, பிரேக்கை அடிவரை மிதிக்க வேண்டியிருந்தது.

“உந்த வண்டி நல்லவன்தான். சுமைதான் கூடிப்போச்சு,” என்றார் அண்ணை.

பிறகு நீலம். ஒரு தொன் சுமை வண்டி, பெற்றோல்தான். அதே இறக்கம். பிரேக்கை அழுத்தினேன், நின்றது. அவ்வளவுதான்.

நீலத்தையே எடுத்தாயிற்று. உங்கள் சொல்லை மீறுகிறேனே என்ற பயம் அந்த இறக்கத்தோடு போய்விட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மே 11, புதன். மப்பு வானம்.

நீலம் வாசலில். பழம் வைக்கக் குனிந்தால் சில்லு ஆறு! பின்னால் இரட்டை.

“ஓடிப் பாத்தனீர், எண்ணிப் பாக்கேல்லையோ?” அண்ணைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்தேன். கடைக்குப் போய் இன்னும் இரண்டு.

பின்னேரம் தாளைத் திருத்தினேன். தண்ணீர், காஸ், தகடு, மா, எல்லாம் எழுதியாயிற்று. அவ 130 இல்லை, இப்போது 118.

உங்கள் 170 அப்படியே கிடக்கிறது. அதைக் கழிக்கட்டா, விடட்டா?