கழுத்துக்கு அடியில் இருந்த வருஷம்

புத்தூர், திருச்சி
7-5-1983, சனிக்கிழமை

அன்புள்ள தம்பி ஸ்தனிஸ்லாஸுக்கு அமலோற்பவம் எழுதுவது. இந்தக் கடிதம் உன்னைச் சேரும்போது நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

நீ எந்த ஊரில் இருக்கிறாய்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஏழு வருஷமாக, கேட்டவர்களிடமெல்லாம் "ஜப்பானில், கிதார் தொழிற்சாலையில்" என்று சொல்லிவந்தேன். இன்று காலை ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மாள் கேட்டபோது, "பதினாலாம் தேதி வருகிறான்" என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டது அதை அல்ல. இந்தக் கடிதத்தையும் நீ கொடுத்த பம்பாய் முகவரிக்குத்தான் அனுப்பப்போகிறேன். கம்பெனி ஆபீஸ் அங்கே இருக்கிறது, மொத்தமாகச் சேர்த்து ஜப்பானுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய். நானும் அதை நம்பியிருந்தேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கல்யாண நினைப்பில் வலி தெரியவில்லையோ என்னவோ. கல்யாணப்பெண் பாக்கியமேரிக்கு முகூர்த்தப் புடவை எடுத்தாகிவிட்டது. பெரிய கடைவீதியில் அம்மா நான்கு கடை ஏறி இறங்கினார். பெண்ணின் அப்பா செபஸ்தியான் சார் பந்தலுக்குச் சொல்லிவிட்டார். போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் கோவிலில் உங்கள் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப்பட்டது. நாளை மூன்றாவது ஓலை. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் ஒவ்வொரு முறையும் முடிக்கிறார். முதல் வாரம் அதை யாரோ மூன்றாம் மனிதருக்குச் சொல்வது போல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி கிதார் விஷயம். 1977-ல் நீ அனுப்பிய எலெக்ட்ரிக் கிதாருடன் வந்த சீட்டில், "இது நானே என் கையால் செய்து முடித்த முதல் கிதார்" என்று எழுதியிருந்தாய். அதன் தலையில் இங்கிலீஷ் பெயர் இருக்கிறதே என்று கேட்டதற்கு, அமெரிக்கக் கிதாரைப் பார்த்துத்தான் செய்கிறோம், வாங்குகிற வியாபாரி எந்தப் பெயர் சொல்கிறாரோ அதை ஒட்டுவோம், செய்த தொழிற்சாலையின் பெயர் எங்கும் வராது என்று பதில் போட்டாய். அது உண்மைதான் என்று இப்போது தெரிகிறது. அதனால்தான் யாராலும் உன்னைச் சோதிக்க முடியவில்லை.

ஜனவரிக் கடைசியில், கோவில் பாடகர் குழுவுக்கு நான் கொடுத்திருந்த அந்தக் கிதார் வாயை மூடிக்கொண்டது. "பிசிக்ஸ் டீச்சர் வீட்டுக் கிதாருக்கு நாங்க எங்கங்க மெக்கானிக்கைத் தேடுறது?" என்று என்னிடமே கொண்டுவந்து போட்டார்கள். உள்ளே ஒரு வயர் விட்டுப்போயிருந்தது, பற்றவைத்தேன். கம்பிகள் மிக உயரமாக நின்றதால் கழுத்தையும் சரிசெய்யலாம் என்று பின்பக்கத் தகட்டின் நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். கழுத்து தனியாக வந்தது. அதன் அடிமரத்தில் ஜப்பானிய எழுத்தில் ஒரு முத்திரை, பக்கத்தில் 48.6 என்று எண். ஏதோ அளவு என்று நினைத்தேன். என்ன அளவு என்று தெரியாமல் மறுபடி மாட்ட மனம் வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் ஃபுமிகோ என்ற ஜப்பானியப் பெண் தங்கியிருக்கிறாள். கோயில் கல்வெட்டு படிக்க வந்தவள், ஒருமுறை எங்கள் கல்லூரியில் பேசினாள். கழுத்தைத் துண்டில் சுற்றி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் எடுத்துப்போனேன். அவள் இருக்கும் வீட்டு மாமி துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், கழுத்த மட்டும் கொண்டுவந்திருக்கேள்? உடம்ப எங்க விட்டேள்? வீணையாயிருந்தா பாவம் சேந்திருக்கும்" என்றார். ஃபுமிகோ சிரிக்கவில்லை. முத்திரையைப் படித்து, "இது வருடம். எங்கள் நாட்டில் சக்கரவர்த்தி பட்டம் ஏறியதிலிருந்து எண்ணுவோம். நாற்பத்தெட்டு என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று. ஆறாவது மாதம்" என்று புத்தகத் தமிழில் சொன்னாள்.

நீ ஜப்பானுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டது 1976-ல்.

அப்போதும் நான் உன்னைச் சந்தேகிக்கவில்லை. பழைய கழுத்து ஒன்று மிச்சமிருந்து, அதை நீ புது உடம்பில் மாட்டியிருக்கலாம் அல்லவா? ஃபுமிகோவின் அண்ணன் நகோயாவில் இருக்கிறார், கிதார் பைத்தியம். தலையில் உள்ள பெயரைப் பார்க்கவே வேண்டாம், ஒரே பெயரை நாலு தொழிற்சாலையில் ஒட்டியிருப்பார்கள் என்று அவர் சொல்லியனுப்பினார். அவர் கேட்டதெல்லாம் பின்தகட்டின் வடிவம், கம்பி முறுக்கும் சாவிகளின் முதுகு, உடம்பில் எத்தனை பலகை ஒட்டியிருக்கிறது, காந்தச் சுருளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பவைதான். எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். முத்திரையின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கழுத்தும் உடம்பும் ஒரே இடத்தில் செய்தவை. மலைப்பக்கத்தில் இருந்த ஒரு சிறிய தொழிற்சாலை அது. 1974-லேயே மூடிவிட்டார்கள்.

உடனே அம்மாவிடம் போய்ச் சொல்லவில்லை. ஒரு சோதனையின் முடிவை வைத்து நான் எதையும் எழுதுவதில்லை, அது உனக்குத் தெரியும். சாதாரணமாகக் கேட்பது போல உனக்கு எழுதினேன்: உங்கள் தொழிற்சாலையில் தினமும் வேலைச் சீட்டில் தேதி எப்படிப் போடுவீர்கள்? போன வாரம் உன் பதில் வந்தது. "83-ன்னுதான் போடுவோம், வேற என்ன போடுவாங்க? அக்காவுக்கு வயசாயிடுச்சு, என்னென்னமோ கேக்குது" என்று எழுதியிருந்தாய். அங்கே இது ஐம்பத்தெட்டாம் வருஷம், தம்பி. அங்கே தொழிற்சாலையில் ஒரு மாதம் கூட்டிப் பெருக்கியவனுக்கும் அது தெரிந்திருக்கும் என்று ஃபுமிகோ சொல்கிறாள்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் போன வாரமே வந்து போய்விட்டது. நான் யாருக்காகவும் வாய் திறந்து சிபாரிசு செய்கிறவள் இல்லை. என்னிடம் படித்த பெண்களுக்கு நற்சான்று எழுதும்போதே நான்கு வரிக்கு மேல் போவதில்லை. செபஸ்தியான் சார் எங்கள் கல்லூரி ஆபீஸில் இருபது வருஷமாக என்னைப் பார்ப்பவர். "மாப்பிள்ளைய நாங்க யாரும் பாக்கல, வேலையையும் பாக்கல. நீங்க சொன்னா சரி டீச்சர்" என்றார். நான் சொன்னேன். உன்னை வைத்துத்தான் அந்த வார்த்தையைக் கொடுத்தேன். நீ எங்கே இருந்தாலும், என்ன வேலை பார்த்தாலும் எனக்குக் குறையில்லை. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தாலும் உன்னை என் தம்பி என்றுதான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லும் வாய்ப்பை எனக்கு நீ கொடுக்கவே இல்லை.

நாளைக் காலை முதல் பூசைக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போகிறேன். சாமியார் மூன்றாவது ஓலையை எடுப்பதற்குள் அவர்கள் காதில் போட்டுவிட வேண்டும். அதன்பின் அவர்கள் இஷ்டம். ஆண்டவர் உனக்கு நல்ல புத்தியைத் தரட்டும்.

உன் அக்கா,
அமலோற்பவம்

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

உறையை ஒட்டவில்லை. நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் போனபோது கதவைத் திறந்தது பாக்கியமேரி. செபஸ்தியான் சார் பூ வாங்கப் போயிருந்தார். அவளை உட்காரவைத்து, முத்திரை, வருஷம், மூடிய தொழிற்சாலை எல்லாவற்றையும் சொன்னேன். பாடம் நடத்துவது போல் ஒழுங்காகத்தான் சொன்னேன். அவள் தலையைக் குனிந்தபடி, "தெரியும் டீச்சர்" என்றாள்.

நீ முதல் கடிதத்திலேயே அவளுக்கு எழுதிவிட்டாயாம். ஜப்பானுக்குப் போகவே இல்லை, ஏஜென்டு ஏமாற்றிவிட்டான், பம்பாயில் கப்பல்காரர்கள் விற்றுப்போகும் பழைய கிதார்களைச் சரிசெய்யும் கடையில் இருக்கிறேன் என்று. "அதனால என்ன டீச்சர், உண்மையச் சொன்னாங்கல்ல" என்றாள். வீட்டில் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். "அப்பாவுக்குத் தெரியாது. உங்க அம்மாவுக்குத் தெரியும். உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னு உங்க தம்பி எழுதியிருந்தாங்க. அக்கா ஆதாரம் கேக்கும், அப்புறம் நிம்மதியா விடாதுன்னு." இதைச் சொல்லும்போது அவளுக்கே அழுகை வந்துவிட்டது. "ஓலை முடியட்டும் டீச்சர், அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்காக அந்த ஒரு மணி நேரம் பொறுத்தேன். மூன்றாவது ஓலை வாசித்தார்கள். அம்மா என் பக்கத்தில்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை, நானும்தான்.

பூசை முடிந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் செபஸ்தியான் சார் என்னிடம் வந்தார். "மூணும் வாசிச்சாச்சு. உங்க வார்த்தைய வச்சுத்தான் டீச்சர் எல்லாம்" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன். நீ பம்பாயில் இருக்கிறாய், கிதார் பழுது பார்க்கிறாய், எனக்குத் தெரியாமல் உன் பொய்யை நான் அவரிடம் கொண்டுவந்து சேர்த்தேன் என்று. "மேரிக்கு?" என்று கேட்டார். தெரியும் என்றேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி மிதிக்கவில்லை. அம்மா என்னுடன் வராமல் முன்னால் தனியாக வீட்டுக்கு நடந்தார்.

விளக்கு வைத்த நேரத்தில் பாக்கியமேரி வந்தாள். உள்ளே வரவில்லை. "அப்பா பந்தல நிறுத்தச் சொல்லல. சரின்னும் சொல்லல. பதினாலு வரைக்கும் வேணாம், இப்பவே அவன வரச்சொல்லு, என் முன்னாடி நின்னு அவன் வாயால சொல்லட்டும்னு சொல்றாங்க" என்றாள். போகும்போது அம்மாவுக்குத் தோத்திரம் சொன்னாள், எனக்கும் சொன்னாள்.

நாளைக் காலையில் பெரிய தபால் நிலையத்தில் உனக்குத் தந்தியும் அடிக்கிறேன். வா. யாருக்கும் எதுவும் வாங்கி வராதே. அவர் வீட்டுக்கு நீ போகும்போது நான் கூட வருகிறேன், ஆனால் உனக்காக எதுவும் பேசமாட்டேன். வழியில் சாப்பிட்டுக்கொள். மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அக்கா