வக்கீல் கற்றுக்கொடுத்த நொண்டி நடை

தஞ்சாவூர், கீழவாசல்
8.6.1972

அன்புள்ள வேம்புவுக்கு,

உன் புருஷன் தங்கையன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் காளியம்மாள் அக்கா வீட்டாரும் நலம். நீயும் மாடுகளும் சௌக்கியமா? தம்பி வீரையன் ஒழுங்காக வயலுக்குப் போகிறானா, இல்லை சீட்டாட்டம்தானா?

கால் நன்றாகக் கூடிவிட்டது. பெரிய கோவிலை ஓட்டமாகவே சுற்றி வருவேன். வக்கீல் அமிர்தலிங்கம்தான் விடமாட்டேன் என்கிறார். "நஷ்டஈட்டு வழக்கு முடியற வரைக்கும் கட்டையைக் கக்கத்துலேருந்து எடுக்காதேய்யா. லாரி முதலாளி ஆள் வச்சுப் பார்ப்பான்" என்று உத்தரவு. அதோடு விட்டாரா? ஆபீசில் என்னை முன்னும் பின்னும் நடக்கவிட்டு, "இன்னும் கொஞ்சம் இழு, முகத்தைச் சுளி" என்று நொண்டுவதற்குப் பாடம் வேறு. குமாஸ்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சாட்சிதான் கிடைக்கவில்லை. தை மாதம் அந்தப் பேராவூரணித் தேங்காய் லாரி என் சைக்கிளை இடித்துவிட்டுக் கவிழ்ந்தபோது நம் தெருவே அங்கே நின்றது. முதலில் தேங்காயைப் பொறுக்கினார்கள், பிறகுதான் என்னை. இப்போது கூண்டில் ஏறினால் தேங்காயைக் கேட்பார்கள் என்று ஆளாளுக்கு ஒளிகிறார்கள். வைரக்கண்ணுவை மட்டும் மறுபடி கேட்டுப் பார்.

அன்புடன்,
தங்கையன்


திருக்காட்டுப்பள்ளி
18.6.1972

அன்பு மாமாவுக்கு வேம்புவின் வணக்கம்.

கால் கூடிவிட்டது என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டுவிட்டேன். வைரக்கண்ணு அண்ணன் "யோசிச்சுச் சொல்றேன்" என்கிறார். அவர் சம்சாரம் தலையில் இன்னும் அந்தத் தேங்காயின் எண்ணெய்தான் மினுங்குகிறது.

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கூடவே பண்ணைக் காரியஸ்தர் இராஜாங்கமும் வந்தார். "கால் போனவன் எப்படிச் சாகுபடி பண்ணுவான்? குத்தகை நிலத்தை மரியாதையா விட்டுடுங்க" என்கிறார். அடுத்த மாதம் நடவு சமயத்தில் தாசில்தார் வயலுக்கே வந்து குத்தகைப் பதிவுக்கு விசாரிக்கப் போகிறாராம். உடம்பால் உழைக்கிறவர் பெயரைத்தான் எழுதுவார்களாம். பெயர் ஏறாவிட்டால் நிலம் பண்ணைக்கே போய்விடும். அதை விட்டால் நமக்கு வேறென்ன இருக்கிறது?

நீங்கள்தான் ஓடவே செய்வீர்களே. ஒருநாள் வந்து தாசில்தார் கண்முன் இரண்டு சால் உழுதுவிட்டு, அடுத்த பஸ்ஸில் தஞ்சாவூர் போய் நொண்டுங்கள்.

தங்கள் பணிவுள்ள,
வேம்பு


தஞ்சாவூர்
25.6.1972

அடி பைத்தியக்காரி வேம்பு,

நான் அங்கே ஏர் பிடித்தால் இங்கே வழக்கு போச்சு. இராஜாங்கமே லாரி முதலாளிக்குத் தந்தி அடித்துவிடுவான். டீக்கடையில்கூட ஒரு மீசைக்காரன் என் காலையே பார்க்கிறான்.

எனக்கு வேறு யோசனை இருக்கிறது. என் சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வீரையன் ஏர் பிடிக்கட்டும். அண்ணன் தம்பிக்கு முதுகு ஒரே மாதிரி. தாசில்தார் சேற்றில் இறங்கியா முகத்தைப் பார்க்கப் போகிறார்? வாயை மட்டும் திறக்க வேண்டாம் என்று அவனிடம் கண்டித்துச் சொல்.

மற்றபடி ஒரு குறையும் இல்லை. அக்கா காப்பியில்தான் சிக்கரி தூக்கல்.

அன்புடன்,
தங்கையன்


திருக்காட்டுப்பள்ளி
15.7.1972

மாமாவுக்கு,

உங்கள் யோசனைப்படியே தம்பி சிவப்புத் துண்டோடு உழுதது. தாசில்தார் வரப்பில் நின்று "தங்கையன்!" என்று கூப்பிட்டார். தம்பி ஏரை நிறுத்தி, திரும்பி, துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அண்ணன் தஞ்சாவூர்ல இருக்காருங்க" என்றது. நடவுப் பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். இராஜாங்கத்துக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

"அப்ப இந்த நிலத்துல பாடுபடறது யாரு?" என்றார் தாசில்தார். நடவு வரிசையிலிருந்து நிமிர்ந்து, "நான்தானுங்க" என்றேன். தம்பி உழுவதோடு சரி. வரப்பு வெட்டியது, நாற்று விட்டது, நடுவது எல்லாம் நான்தானே? குடும்பத்தார் உழைப்பும் செல்லும் என்று சட்டமாம். "அப்படின்னா என் பேரையே எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டேன். எழுதிவிட்டார்கள்.

உங்களைக் கேட்காமல் செய்ததற்குக் காரணம் உண்டு. முதல் நாள்தான் காளியம்மாள் அண்ணி வந்திருந்தார்கள். "கதவைச் சாத்தின வீட்டுக்குள்ள, குளிக்கப் போறதுக்குக்கூடக் கட்டையில்லாம ஓர் அடி வைக்க முடியலடி அவனால. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான்" என்று அழுதார்கள்.

அண்ணி வீட்டுக் குளிக்கிற இடத்திலுமா, மாமா, லாரிக்காரன் ஆள் வைத்திருக்கிறான்? எனக்கு உங்கள் மேல் அவ்வளவு கோபம். அழுதும் தீரவில்லை.

வைரக்கண்ணு அண்ணன் சாட்சிக்கு வருவார்.

வேம்பு


தஞ்சாவூர்
9.8.1972

அன்புள்ள வேம்பு,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். அதற்குள் விசாரணையே வந்துவிட்டது.

வைரக்கண்ணு கூண்டில் ஏறி, யாரும் கேட்பதற்கு முன்பே, "தேங்கா எடுத்தது நெசந்தானுங்க, அதுல பாதி அழுகல்" என்றார். ஜட்ஜ் ஐயாவே சிரித்துவிட்டார்.

அடுத்து நான். லாரிக்கார வக்கீல், "உன் நிலத்துல இப்ப யாரு சாகுபடி?" என்றார். "என் சம்சாரங்க. பதிவே அவ பேருதான்" என்றேன். "அப்ப உனக்கு என்னய்யா நஷ்டம்?" என்று மடக்கினார். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ! "முன்னாடி ரெண்டு பேரும் பாடுபட்டோம். இப்ப ரெண்டு பேர் பாட்டையும் அவ ஒருத்தியே படறா. நஷ்டம் அவளுக்குங்க" என்றேன். ஜட்ஜ் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு கட்டையில்லாமல் நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியில் விழுந்துவிட்டேன். வெளியே வந்ததும் அமிர்தலிங்கம் என் முதுகில் தட்டி, "இன்னைக்குத்தான்யா பிரமாதமா நடிச்சே!" என்றார். அவரிடமும் கால் கூடிவிட்டது என்றுதானே சொல்லியிருந்தேன். அவர் சந்தோஷத்தை எதற்குக் கெடுக்க வேண்டும்?

நீ பயந்துபோய் நிலத்தை விட்டுவிடுவாய் என்றுதான் மறைத்தேன். பயந்தவன் நான்தான். ஏர் பிடிக்க முடியாதவனுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது, சொல்.

தங்கையன்


திருக்காட்டுப்பள்ளி
13.8.1972

அன்பு மாமாவுக்கு,

தீர்ப்பு வருகிறபோது வரட்டும். வெள்ளிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வீரையன் வரும், தயாராக இருங்கள். வைக்கோல் நிறையப் பரப்பச் சொல்லியிருக்கிறேன், கால் குலுங்காது.

பயிர் நன்றாகத் தூர் கட்டியிருக்கிறது. கதிர் வந்ததும் குருவி ஓட்ட ஆள் வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே ஊரைக் கூட்டும் தொண்டை உங்களுக்குத்தான் உண்டு. கூலி மூன்று வேளைச் சோறு, சிக்கரி கலக்காத காப்பி. சம்மதமானால் வாருங்கள், சம்மதமில்லாவிட்டாலும் வாருங்கள்.

வக்கீல் சொன்ன நடையை அங்கேயே விட்டுவிடுங்கள். இங்கே உங்களுக்கு எப்படி வருகிறதோ அப்படி நொண்டலாம்.

இப்படிக்கு,
உங்கள் வேம்பு,
சாகுபடிதாரர்