முன்னாதாரத்தை வெட்டியவன்

மக்கா,

இன்று காலை மார்த்தாண்டத்தில் ஒருவர் பழைய ஆதாரம் ஒன்றை என் மேசையில் விரித்தார். மலையாள எழுத்து, பூச்சி அரித்த ஓரம், புழுங்கிய தாளின் வாடை. இந்த வாடைக்கு நீ எப்போதும் தும்முவாய். தும்மிக்கொண்டே தாளை இன்னும் கிட்டக் கொண்டுபோவாய்.

நிலப்பத்திரத்துக்கு நம் பக்கம் இன்றும் ஆதாரம் என்றுதான் பேர். அந்த மலையாள எழுத்தைத் தமிழாக்கும் கணினி நிரலை நீ எழுதினாய். வீட்டுப்பேர் ஒன்றுகூடப் பிசகாது. யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அதை இரண்டு உரிமங்களில் எல்லாருக்கும் திறந்துவிட்டாய். ஒன்றின்படி, எடுப்பவனும் தன் நிரலைத் திறந்து வைக்க வேண்டும். மற்றதில் அந்தக் கட்டாயம் இல்லை. எது தோதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

நான் இரண்டாவதை எடுத்தேன். உன் கோப்பை என் திட்டத்தில் சேர்த்தபின் முதல் உரிமத்தின் வரிகளை வெட்டினேன். கூடவே மேலே இருந்த உன் பெயரும் போயிற்று. அன்று சத்தியமாக நான் கவனிக்கவில்லை.

நீ கவனித்தாய். திருவட்டாறு பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாய்: "ஏலே, என் பேரை வெட்டிட்டியா?"

"ரெண்டுல ஒண்ணு போதும்னு நீதானே எழுதி வச்சிருக்க?" என்றேன், பெரிய வக்கீல் மாதிரி.

"உரிமம்தான் ரெண்டுல ஒண்ணு. எழுதினவன் பேரை வைக்கணும்னு ரெண்டுலயும் உண்டு. முன்னாதாரம் இல்லாத நிலத்தை உங்கப்பா வாங்குவாரா?"

நிலம் யார் கையிலிருந்து வந்தது என்று சொல்லும் முந்தைய பத்திரம்தானே முன்னாதாரம்; அதைப் படிக்கத்தானே ஆட்கள் உன் நிரலைத் தேடினார்கள். நிரல் யார் கையிலிருந்து வந்தது என்பதை நான் வெட்டிப்போட்டிருந்தேன்.

போட்டுடுறேன் என்றேன். போடவில்லை. மறதி என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டது பொய். அதற்குள் நாலு பேர் என்னைப் பாராட்டத் தொடங்கியிருந்தார்கள், அது இனித்தது. கேவலம், அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை. நீயும் மறுபடி கேட்கவில்லை. பிறகு உனக்கு நெஞ்சுவலி வந்தது, கேட்க ஆளே இல்லாமல் போயிற்று.

இன்று மத்தியானம் உன் மகள் வந்தாள். கல்லூரியில் கணினி படிக்கிறாளே, உன்னைப் போலவே முன்னால் குனிந்து திரையைப் பார்க்கிறாள். "மாமா, அப்பா எழுதினதைக் காட்டுங்க" என்றாள். கோப்பைத் திறந்தேன். மேலும் கீழும் தேடினாள். உன் பெயர் இல்லை. பிறகு, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவைத் திறந்தாள். வெட்டிய அன்று நான் எழுதியிருந்த குறிப்பைச் சத்தமாகவே படித்தாள்: "தேவையில்லாத வரிகள் நீக்கப்பட்டன." பக்கத்தில் என் பெயர் இருந்தது.

"தேவையில்லாததா மாமா?"

"தப்பு என்னோடதுதான் மக்களே. அப்பா சொல்லியும் நான் திருத்தல."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன் பெயரைத் திரும்பப் போட்டேன். அவள் அந்தப் பதிவை மறுபடி திறந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "அந்தப் பழைய குறிப்பையும் அழிச்சிடலாம் மாமா, வழி இருக்கு. யாருக்கும் தெரியாது" என்றாள்.

வேண்டாம், கிடக்கட்டும் என்றேன். உனக்கு நான் செய்ததை உன் மகளே மறைத்துத் தரப் பார்த்தாள், மக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.