சலிக்கும் அறையில் கேட்காத ஹாரன்

மச்சான்,

பெக்டரி வாசலில் இருக்கும் தீ எச்சரிக்கைப் பெட்டியை இன்று திறந்தேன். கதவின் உட்பக்கம் நீ வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து கறுத்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துணியால் தேய்த்தும் போகவில்லை, உன்னைப் போலவே பிடிவாதம். எரிச்சலாக வந்தது. செத்த பிறகும் என் வேலைக்கு நடுவில் வந்து நிற்கிறாய்.

தேயிலை சலிக்கும் அறைக்கு இன்றுதான் பவர் எக்ஸ்பாண்டர் மாட்டினேன். அந்தப் பெயரைச் சொன்னாலே நீ முகம் சுளிப்பாய். வாசலில் கிளம்பும் கரண்ட் அந்தக் கடைசி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் இளைத்துவிடும். நடுவில் தனி பேட்டரியோடு ஒரு பெட்டி நின்று புதிதாகக் கரண்ட் கொடுத்தால்தான் அங்கே ஹாரன் முழுத் தொண்டையோடு கத்தும் என்று எத்தனை தடவை சொன்னேன்!

கொழும்பிலிருந்து அது வரத் தாமதமானது. நீயோ பௌர்ணமிப் போயா அன்றைக்கே தீ ஹாரனைத் திறந்து காட்டுவதாகத் தோட்டத்துப் பெரிய தொரையிடம் சொல்லி, கோயிலில் நல்ல நேரமும் குறித்துக்கொண்டு வந்துவிட்டாய்.

"பெட்டி வரட்டும்டா, அவசரப்படாத" என்றேன்.

"ஹரி மச்சான், ஹரி" என்று சிங்களத்தில் சரி போட்டாய். "நல்ல நேரத்த விடலாமா? அத பொறகு போட்டுக்குவோம்" என்றாய்.

போயா லீவு. ஒரு மெஷின்கூட ஓடவில்லை. தேங்காய் உடைத்தாய், பொட்டு வைத்தாய், பட்டனை அழுத்தினாய். சலிக்கும் அறை ஹாரன் நோஞ்சான் கன்றுக்குட்டி மாதிரி முனகியது. அதோடு சேர்ந்து மின்ன வேண்டிய எச்சரிக்கை விளக்கு மின்னவே இல்லை. அந்த அமைதியில் முனகலும் சத்தமாகத்தான் கேட்டது, எல்லோரும் கை தட்டினார்கள். "மெஷின் ஓடுற நாள்ல ஒருக்கா பாப்போம்" என்று உன் காதில் சொன்னேன். "ஒனக்கு என் மேல பொறாம" என்று அத்தனை பேர் முன்னால் சிரித்தாய். பாவி! பொறாமையாடா எனக்கு? அந்த அறையில் வேலை செய்தது உன் பொண்டாட்டி. என் தங்கச்சி.

பெட்டி வந்து ஸ்டோர் ரூமில் சாக்குகளுக்குள் கிடந்தது. சாவி உன் இடுப்பில். கேட்டபோதெல்லாம் பொறகு, பொறகு.

பிறகு ஒரு வேலை நாளில் கொழுந்து காயவைக்கும் டிரையர் பக்கம் தீப்பிடித்தது. முன்பக்கம் இருந்தவர்கள் ஹாரன் கேட்டு ஓடி வந்தார்கள். நீயும் வந்தாய். அவள் வரவில்லை. புகைக்குள் திரும்ப ஓடி அவளை வெளியே தள்ளினாய். ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாய். இப்போது பெக்டரியில் உன் படத்துக்கு மாலை. "பொண்டாட்டிக்காக உசுரக் குடுத்தவரு" என்கிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்று எல்லா மெஷினையும் ஓடவிட்டுத்தான் பட்டனை அழுத்தினேன். தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னண்ணே இது, காது கிழியுது!"

சிரித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"அன்னைக்கு என்னைய இழுக்கயில, 'ஹாரன் கேக்கலியா புள்ள'ன்னு கேட்டாரு. 'இல்லியே'ன்னேன். அதோட சரிண்ணே. ஆஸ்பத்திரியில சுவத்தப் பாத்துக்கிட்டே கெடந்தாரு. என் மொகத்தப் பாக்கவே இல்ல."

அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது. "இப்பவாச்சும் வெளங்குச்சாடா?" என்று உன்னைக் கேட்கத்தான் இத்தனை காலம் வைத்திருந்தேன். அதையும் என்னிடமிருந்து பறித்துக்கொண்டாய். போடா.

புதுப் பெட்டிக்குப் பொட்டு வைக்கலாமா என்று குங்குமத்தோடு வந்து கேட்டாள். சத்தம் கேட்டாகிவிட்டது, வை என்றேன்.

கோபம் மட்டும் தீரவில்லை. வேலையிடத்தில் எவனாவது "பொறகு பாத்துக்கலாம்" என்றால், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடிக்கிறேன். அவன் பயந்துபோய்ப் பார்க்கிறான். அவனுக்கு எப்படித் தெரியும், நான் பிடித்திருப்பது உன் சட்டை என்று?